எழுத்துகளாக மட்டும் எஞ்சும் மரபணுத் தரவு

ஒரு மனிதரின் மரபணுத்தொகுதியை முழுமையாக வரிசைப்படுத்தி, ஏறத்தாழ 310 கோடிக் காரங்களைக் கொண்ட ஒப்பீட்டுத் தொகுதியோடு பொருத்திப் பார்த்து, அவர் அதிலிருந்து எந்தெந்த இடங்களில் வேறுபடுகிறார் என்று கண்டறிவது, பல கணினிகளும் பல நிரல்களும் மாறி மாறிப் பங்கேற்கும் நீண்ட வேலையாகும். அந்த வேலையின் கடைசிப் படி பார்வைக்கு மிக எளியது. கிடைத்த முடிவுகளை வரி வரியாக அடுக்கி, ஒவ்வொரு வரியிலும் உள்ள தகவல்களை ஏதேனும் ஒரு குறியால் பிரித்து, சாதாரண உரைக்கோப்பாக எழுதி வைப்பதே அது. ஆய்வகத்தை விட்டு வெளியே செல்வது பெரும்பாலும் இந்தக் கோப்புதான். நோயறியும் மருத்துவரும், கணக்கிடும் புள்ளியியலாளரும், பத்தாண்டு கழித்து அதே தரவை மறுபடி ஆராய வருகின்ற வேறொரு குழுவினரும் காண்பது பகுப்பாய்வை அன்று, அது விட்டுச்சென்ற வரிகளையே.

பகுப்பாய்வு நிரலின் நினைவகத்தில் இருக்கும்வரை ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வகை உண்டு: இது முழு எண், இது பின்ன எண், இது ஒரு மரபணுவின் பெயர், இது அளக்கப்படாத இடம் என்று நிரல் அறிந்து வைத்திருக்கும். உரைக்கோப்பாக எழுதும்போது அந்த அறிவு முழுவதும் உதிர்ந்து, எழுத்துகள் மட்டும் எஞ்சுகின்றன. பின்னர் கோப்பைத் திறக்கும் நிரல், எழுத்துகளின் தோற்றத்தைக் கொண்டு அவற்றின் வகையை ஊகித்தே மீட்கிறது. ஊகம் தவறும்போது பெரும்பாலும் கோப்பு திறக்க மறுப்பதில்லை, எச்சரிக்கையும் எழுவதில்லை. தவறான மதிப்பு சரியான மதிப்பைப் போலவே அட்டவணையில் அமர்ந்துகொள்கிறது. ஆகவே முடிவுகளைக் கோப்பாக எழுதுவது வெறும் படியெடுப்பு அன்று. அதுவும் பகுப்பாய்வின் ஒரு பகுதியே.

பிரிக்கும் குறி

ஒரு வரிக்குள் அடுத்தடுத்த தகவல்களைப் பிரித்துக் காட்டும் குறியைப் பிரிப்பான் எனலாம். காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட கோப்புகள் சி.எஸ்.வி. என்றும், டேப் குறியால் பிரிக்கப்பட்டவை டி.எஸ்.வி. என்றும் வழங்கப்படுகின்றன. டேப் என்பது தட்டச்சுப் பொறியில் அட்டவணை அடிப்பதற்காக வைத்திருந்த விசையின் வழிவந்த குறி. 1963இல் வெளியான ஆஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டுத் தரத்தில் அதன் எண் 9, காற்புள்ளியின் எண் 44. அதே தரத்தின் பிந்தைய பதிப்பில் 28 முதல் 31 வரையுள்ள நான்கு எண்கள், கோப்பு, தொகுப்பு, பதிவு, தகவல் அலகு ஆகியவற்றைப் பிரிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. எந்தப் பெயரிலும் எந்த எண்ணிலும் இடம்பெறாத அந்தக் குறிகளைப் பயன்படுத்தியிருந்தால் பின்னாளில் எழுந்த சிக்கல்களில் பல எழுந்தே இரா. ஆனால் விசைப்பலகையில் அவற்றுக்குத் தனி விசை இல்லாமையாலும், திரையில் அவை தெரியாமையாலும், மக்கள் கைக்கு எட்டிய காற்புள்ளியையும் டேப்பையுமே எடுத்துக்கொண்டனர்.

காற்புள்ளியின் குறை, அது தகவலுக்குள்ளேயே அடிக்கடி வருவதுதான். மரபணுவின் விளக்கத்தில் காற்புள்ளி வரும். இந்திய முறையில் 10,48,576 என்று எழுதப்பட்ட ஓர் எண், பாதுகாப்பின்றி விடப்பட்டால் மூன்று நெடுவரிசைகளாக உடையும். ஜெர்மனி, பிரான்சு போன்ற நாடுகளில் தசமப் புள்ளியின் இடத்திலும் காற்புள்ளியே எழுதப்படுவதால், அங்குள்ள அமைப்பில் இயங்கும் விரிதாள் மென்பொருள் சி.எஸ்.வி. என்ற பெயரிலேயே அரைப்புள்ளியால் பிரித்த கோப்பைத் தருகிறது. காற்புள்ளி அடங்கிய தகவலை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைக்கவேண்டும், தகவலுக்குள்ளேயே மேற்கோள் குறி வந்தால் அதை இரட்டிக்கவேண்டும் என்ற விதிகள் நெடுங்காலம் வழக்கமாக மட்டுமே இருந்து, 2005இல்தான் ஆர்.எஃப்.சி. 4180 என்ற ஆவணமாக எழுத்தில் வந்தன.

மரபணுத் துறை டேப் குறியைத் தேர்ந்ததற்குக் காரணம் இதுவே. மரபணுப் பெயரிலோ காரங்களின் வரிசையிலோ டேப் குறி இயல்பாக வருவதில்லை. மேற்கோள் விதிகள் எதையும் அறியாத சிறு நிரல்களும், நெடுவரிசைகளை வெட்டியெடுக்கவும் வரிசைப்படுத்தவும் யூனிக்ஸ் இயங்குதளத்தில் பல்லாண்டுகளாக உள்ள கட்டளைகளும் அதைத் தயக்கமின்றிக் கையாளுகின்றன. வரிசைப்படுத்திய துண்டுகளைப் பதியும் சாம் வடிவம், மாறுபாடுகளைப் பதியும் வி.சி.எஃப்., மரபணுக்களின் எல்லைகளைப் பதியும் ஜி.டி.எஃப். ஆகிய மூன்றும் டேப்பால் பிரிக்கப்பட்டவை. ஒரு நெடுவரிசைக்குள் பல தகவல்களை அடுக்கவேண்டியபோது அரைப்புள்ளி, காற்புள்ளி, சமக்குறி ஆகியவை உட்பிரிப்பான்களாகப் பயன்படுகின்றன. அவையே தகவலின் பகுதியாக வந்துவிட்டால், அவற்றை விழுக்காட்டுக் குறியோடு கூடிய எண்ணாக மாற்றி எழுதவேண்டும் என்ற விதியும் பின்னர் சேர்க்கப்பட்டது.

ஒரு வரியின் உள்ளே

வி.சி.எஃப். வடிவம், பல மக்கள் குழுக்களின் மரபு வேறுபாடுகளைத் தொகுப்பதற்காக 2008இல் தொடங்கிய ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தின் தேவைக்காக உருவாக்கப்பட்டு, 2011இல் ஆய்விதழில் வெளியானது. அதில் ஒவ்வொரு வரியும் எட்டு நிலையான நெடுவரிசைகளோடு தொடங்குகிறது: குரோமோசோம், இடம், அடையாள எண், ஒப்பீட்டுத் தொகுதியில் உள்ள காரம், அதற்கு மாற்றாகக் காணப்பட்ட காரம், தர மதிப்பு, வடிகட்டலின் முடிவு, கூடுதல் தகவல். இவற்றைத் தொடர்ந்து, எந்த வகைத் தகவல்கள் வருகின்றன என்று அறிவிக்கும் நெடுவரிசை ஒன்றும், ஆளுக்கொரு நெடுவரிசையும் வருகின்றன. அரிவாள் அணுச் சோகைக்குக் காரணமான மாறுபாட்டை எடுத்துக்கொண்டால், அதற்குரிய வரி ஏறத்தாழப் பின்வருமாறு அமையும். தர மதிப்பு மட்டும் எடுத்துக்காட்டுக்காக இடப்பட்டது.

குரோ11   5227002   ஆர்எஸ்334   டி   ஏ   60   பாஸ்   .   ஜிடி   0/1

பதினோராம் குரோமோசோமில் 5227002ஆம் இடத்தில், ஒப்பீட்டுத் தொகுதியில் தைமின் இருக்க, இவரிடம் அடினைனும் காணப்படுகிறது என்பது இதன் பொருள். தர மதிப்பு 60 என்பது, இந்தக் கண்டுபிடிப்பு பிழையாக இருப்பதற்கான வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்பதைக் குறிக்கும் மடக்கை அளவு; தனித்து நிற்கும் புள்ளி, அந்த நெடுவரிசையில் தகவல் ஏதும் இல்லை என்பதன் அடையாளம்; கடைசியில் உள்ள 0/1, தாய் தந்தையரிடமிருந்து பெற்ற இரு படிகளில் ஒன்று ஒப்பீட்டுக் காரத்தையும் மற்றொன்று மாற்றுக் காரத்தையும் கொண்டிருப்பதைச் சொல்கிறது. அதாவது இவர் நோயாளர் அல்லர், மரபுக்கூற்றைச் சுமப்பவர். இந்தியாவில் இம்மரபுக்கூறு முதன்முதலில் 1952இல் நீலகிரி மலைப் பழங்குடியினரிடையே கண்டு பதிவுசெய்யப்பட்டது. இன்று ஒரு பரிசோதனைக் கூடம் அதே செய்தியை இத்தகைய ஒரே வரியில் தெரிவித்துவிட முடியும்.

எனினும் வரியில் எழுதப்படாத செய்திகளும் உள்ளன. 5227002 என்ற இடம், 2013இன் இறுதியில் வெளியான ஜி.ஆர்.சி.எச்.38 என்னும் ஒப்பீட்டுத் தொகுதிக்கே பொருந்தும். அதற்கு முந்தைய 37ஆம் பதிப்பில் இதே காரத்தின் இடம் 5248232. இரண்டுக்கும் இடையே 21,230 காரங்கள் வேறுபாடு. பதிப்பைச் சொல்லாத கோப்பில் இடத்தின் எண் இலக்கம் பிசகாமல் இருந்தாலும், அது வேறொரு காரத்தைச் சுட்டக்கூடும். காரத்தின் எழுத்திலும் ஒரு மரபு மறைந்திருக்கிறது. இம்மாறுபாடு அமைந்துள்ள பீட்டா குளோபின் மரபணு, டி.என்.ஏ.வின் இரு இழைகளுள் ஒப்பீட்டுத் தொகுதியில் எழுதப்படும் இழைக்கு எதிர் இழையில் வாசிக்கப்படுவது. ஆகையால் பாடநூல்கள் ஜி.ஏ.ஜி. என்ற முக்குறியம் ஜி.டி.ஜி. ஆகிறது, அடினைன் தைமினாகிறது என்று கூற, வி.சி.எஃப். கோப்போ தைமின் அடினைனாகிறது என்று பதிகிறது. இரண்டும் உண்மையே. அதன் விளைவாகப் புரதத்தில் குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் அமர்வதை, முதல் மெத்தியோனினைக் கணக்கில் கொள்ளாத பழைய மரபினர் 6ஆம் இடம் என்பர். கொள்ளும் இன்றைய பெயரீட்டு முறையினர் 7ஆம் இடம் என்பர்.

எண்ணத் தொடங்கும் இடமும் வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது. வி.சி.எஃப்., ஜி.டி.எஃப். ஆகியவை முதல் காரத்தை 1 என்று எண்ணுகின்றன. மரபணுப் பகுதிகளைக் குறிக்கப் பயன்படும் பெட் வடிவமோ 0 என்று தொடங்குவதோடு, முடிவிடத்தைப் பகுதிக்குள் சேர்ப்பதுமில்லை. பூச்சரத்தில் பூக்களை எண்ணுவதற்கும் பூக்களுக்கு இடைப்பட்ட முடிச்சுகளை எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு இது. எனவே மேலே கண்ட ஒற்றைக் காரம் பெட் கோப்பில் 5227001 தொடங்கி 5227002 முடிய என்று எழுதப்படும். இம்முறையில் முடிவிடத்திலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் பகுதியின் நீளம் நேரடியாகக் கிடைப்பது கணக்கிடுவோருக்கு வசதி. ஆனால் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ஒன்றைக் கூட்டவோ கழிக்கவோ மறந்தால், ஆயிரக்கணக்கான இடங்கள் ஒரு காரம் தள்ளிப்போகும். நீண்ட பகுதிகளைப் பொறுத்தவரை அதனால் பெரிய கேடில்லை; ஒற்றைக் கார மாறுபாடுகளைப் பொறுத்தவரை கோப்பு முழுவதும் பயனற்றதாகும்.

பெயர் தேதியாகும் விதம்

வகை ஊகிக்கப்படுவதன் விளைவுகளுள் மிகவும் அறியப்பட்டது, மரபணுப் பெயர்களை எக்செல் மென்பொருள் தேதிகளாக மாற்றியதே. செப்டின் என்னும் புரதக் குடும்பத்தின் மரபணுக்கள் செப்ட்1, செப்ட்2 என்று வரிசையாகப் பெயரிடப்பட்டிருந்தன. உரைக்கோப்பை எக்செலில் திறந்தவுடன், ஆங்கில மாதத்தின் சுருக்கமும் ஓர் எண்ணும் சேர்ந்திருப்பதைக் கண்ட மென்பொருள், செப்ட்2 என்பதைச் செப்டம்பர் 2 என்று கொண்டு, உள்ளே அதை 1900ஆம் ஆண்டு முதலான நாட்களின் எண்ணிக்கையாகச் சேமித்துக்கொள்ளும். 2016ஆம் ஆண்டில் இவ்வாறு திறந்திருந்தால் அந்த எண் 42615. கோப்பை மறுபடி உரையாகச் சேமிக்கும்போது வெளிவருவது 2-செப் என்பதோ அந்த எண்ணோதான். மரபணுவின் பெயர் எங்கும் இராது. மார்ச்1, மார்க்1 என்ற வெவ்வேறு மரபணுக்கள் இரண்டும் மார்ச் முதல் தேதியாகிவிடுவதால், பின்னோக்கிச் சென்று திருத்துவதற்கும் வழியில்லை.

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2004லேயே இதைச் சுட்டிக்காட்டினர். டெக்1 என்ற மரபணு டிசம்பர் 1 ஆவதையும், ஜப்பானின் ரிக்கென் நிறுவனம் வழங்கிய 2310009இ13 போன்ற அடையாளக் குறிகள், நடுவிலுள்ள எழுத்து பத்தின் அடுக்கைக் காட்டுவதாகக் கொள்ளப்பட்டு மாபெரும் எண்களாக மாறிவிடுவதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். எச்சரிக்கையால் நிலைமை மாறவில்லை. மெல்போர்னைச் சேர்ந்த மார்க் ஸீமனும் வேறு இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 18 இதழ்களில் 2005 முதல் 2015 வரை வந்த கட்டுரைகளுள் எக்செல் வடிவில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த 3,597 கட்டுரைகளை நிரல் கொண்டு சோதித்து, 704இல், அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில், பெயர்கள் சிதைந்திருப்பதைக் கண்டனர். ஸீமனின் குழு 2021இல் இதே சோதனையை விரிவாக மீண்டும் செய்தபோது விகிதம் குறையவில்லை, 30.9 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

மென்பொருள் மாறாததால் மரபணுக்களின் பெயர்கள் மாறின. மனித மரபணுக்களுக்குப் பெயர் வழங்கும் அதிகாரம் பெற்ற எச்.ஜி.என்.சி. குழு 2020இல் வெளியிட்ட நெறிமுறையில், தரவுகளைக் கையாள்வதைப் பாதிக்கும் பெயர்கள் தவிர்க்கப்படும் என்று அறிவித்தது; செப்ட்1 செப்டின்1 ஆகவும், மார்ச்1 மார்ச்எஃப்1 ஆகவும், மார்க்1 எம்டார்க்1 ஆகவும், டெக்1 டெலெக்1 ஆகவும் மாறின. மைக்ரோசாஃப்ட் நிறுவனம், தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை எக்செலில் சேர்த்தது 2023 அக்டோபரில்தான். ஒரு கோப்பு வடிவத்தின் பலவீனம், உயிரியலின் பெயரீட்டு முறையையே திருத்தவைத்த அரிய நிகழ்வு இது.

மரபணுப் பெயர்களுக்கு விடிவு கிடைத்தபோதும் அடிப்படைக் காரணம் அப்படியே இருக்கிறது என்பதை 0/1 போன்ற மரபுவகைக் குறிகள் காட்டுகின்றன. வி.சி.எஃப். கோப்பிலிருந்து மரபுவகையை மட்டும் தனி நெடுவரிசையாக எழுதி விரிதாளில் திறந்தால், 0/1 என்பதற்கு ஒத்த தேதி இல்லாமையால் அது எழுத்தாகவே நிற்கும். இரு படிகளிலும் மாற்றுக் காரம் உள்ளவரைக் குறிக்கும் 1/1 என்பதோ ஜனவரி முதல் தேதியாகும். அரிவாள் அணு எடுத்துக்காட்டில் மரபுக்கூற்றைச் சுமப்பவர்களின் வரிகள் சிதையாமல் இருக்க, நோயாளர்களின் வரிகள் மட்டுமே சிதையும். எல்லா வரிகளும் ஒருசேரக் கெட்டால் யாரேனும் கவனித்துவிடுவர். தேர்ந்தெடுத்தாற்போலச் சில வரிகள் மட்டும் கெடுவதே கவனத்துக்குத் தப்புகிறது.

இன்மையும் சுழியமும்

அட்டவணையில் மதிப்பு இல்லாத இடத்தை எப்படி எழுதுவது என்பது, பிரிப்பானைக் காட்டிலும் நுட்பமான சிக்கல். வி.சி.எஃப். புள்ளியை இடுகிறது, ஆர் என்னும் புள்ளியியல் மொழி என்ஏ என்ற ஈரெழுத்தை எழுதுகிறது, சில நிரல்கள் ஒன்றுமே எழுதாமல் இரு டேப் குறிகளை அடுத்தடுத்து விடுகின்றன. திசுக்களில் எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்பதை இரு நிலைகளுக்கிடையே ஒப்பிடும் டெசெக்2 என்ற பரவலான தொகுப்பின் முடிவு அட்டவணையில், என்ஏ மூன்று வெவ்வேறு காரணங்களால் தோன்றும். எந்த மாதிரியிலும் அந்த மரபணு எண்ணப்படவே இல்லையெனில், சராசரி சுழியமாக, ஏனைய மதிப்புகள் எல்லாம் என்ஏ ஆகும். ஒரு மாதிரியில் மட்டும் எண்ணிக்கை மிகையாகத் துருத்தி நின்றால், நிகழ்தகவு மதிப்பும் அதன் திருத்திய மதிப்பும் என்ஏ ஆகும். சராசரி மிகத் தாழ்ந்திருந்தால் திருத்திய மதிப்பு மட்டும் என்ஏ ஆகும். நெடுவரிசைகள் அனைத்தும் ஒருங்கே இருக்கும்வரை காரணத்தை உய்த்துணரலாம். மரபணுப் பெயரையும் திருத்திய மதிப்பையும் மட்டும் வைத்து மற்றவற்றை நீக்கி எழுதினால், அளக்கப்படாத மரபணு, ஐயத்துக்குரிய மரபணு, வடிகட்டப்பட்ட மரபணு ஆகிய மூன்றும் வேறுபாடின்றிக் கலந்துவிடும்.

இன்மைக்குரிய குறி ஓர் உண்மையான பெயரோடு மோதும் வாய்ப்பும் உண்டு. இன்ஃபுளுயன்சா வைரஸின் நியூராமினிடேஸ் என்னும் நொதிக்குரிய மரபணு, உலகெங்கும் என்ஏ என்ற அதே ஈரெழுத்தால்தான் குறிக்கப்படுகிறது. இயல்பு நிலையில் இயங்கும் ஆர் மொழியும் பைத்தானின் பாண்டாஸ் தொகுப்பும் கோப்பைப் படிக்கும்போது, அந்த மரபணுவின் பெயரை மதிப்பின்மை என்று கொண்டு வெறுமையாக்கிவிடும். விடுபட்ட தகவல் உள்ள வரிகளை நீக்கும் அடுத்த படியில் மரபணுவே அட்டவணையை விட்டு நீங்கும்.

எண்கள் எழுத்தாகும்போது துல்லியமும் குறையலாம். கணினி ஒரு பின்ன எண்ணை 64 இருமங்களில் சேமிக்கும்போது, அதைச் சற்றும் மாறாமல் மீட்பதற்கு 17 பதின்ம இலக்கங்கள் வரை தேவைப்படும். பல நிரல்கள் ஆறு இலக்கங்களோடு நிறுத்திக்கொள்கின்றன. ஓர் அட்டவணையைப் படிப்பதற்கு ஆறு இலக்கம் போதும், ஆனால் அதையே உள்ளீடாகக் கொண்டு தொடர்ந்து கணக்கிடும்போது பிழை பெருகக்கூடும். இதனினும் தெளிவாகத் தெரியும் இழப்பு மிகச் சிறிய நிகழ்தகவுகளில் நேர்கிறது. லட்சக்கணக்கானோரின் மரபணுத் தரவை ஒரு நோயுடன் இணைத்துப் பார்க்கும் ஆய்வுகளில், ஒரு தொடர்பை ஏற்பதற்கான வரம்பு 5×10⁻⁸. வலுவான தொடர்புகளின் மதிப்பு 10⁻³²⁴ஐ விடவும் சிறிதாகிவிடும்போது, 64 இரும எண்ணால் அதைக் காட்ட இயலாமல் கோப்பில் 0 என்று விழுகிறது. நிகழ்தகவு சுழியம் என்பது பொருளற்ற கூற்று. மேலும் சுழியமான எல்லா இடங்களும் சமமாகிவிடுவதால் அவற்றுள் எது வலுவானது என்பதும் தெரியாமற்போகும். நிகழ்தகவுக்குப் பதிலாக அதன் மடக்கையை எதிர்க்குறியோடு எழுதினால் இந்தச் சிக்கல் எழாது. அதே ஆய்வுகளில் விளைவின் அளவு எந்தக் காரத்தைச் சார்ந்து சொல்லப்பட்டது என்பதும் தனி நெடுவரிசையாக எழுதப்படவேண்டும். இல்லையெனில் நோயைத் தடுக்கும் மாறுபாடு, நோயை வரவழைக்கும் மாறுபாடாக வாசிக்கப்படும்.

எழுதும் நிரலும் படிக்கும் நிரலும் வெவ்வேறு மரபுகளைக் கைக்கொள்வதால் விளையும் சிதைவுகளும் உண்டு. ஆர் மொழியின் எழுதும் கட்டளை, இயல்பாக விட்டால், வரிகளின் பெயர்களை முதல் நெடுவரிசையாக எழுதினாலும் தலைப்பு வரியில் அதற்குப் பெயர் தருவதில்லை. அதனால் தலைப்புகள் ஓரிடம் இடப்பக்கம் நகர்ந்து, மரபணுப் பெயர்களுக்கு மேல் சராசரி என்றும், சராசரிகளுக்கு மேல் மாற்ற விகிதம் என்றும் காட்சியளிக்கும். அதே மொழியின் படிக்கும் கட்டளை ஒற்றை மேற்கோள் குறியையும் மேற்கோளாகவே கொள்வதால், 5'-நியூக்ளியோடைடேஸ் என்ற விளக்கத்தில் உள்ள குறி ஒரு மேற்கோளைத் திறந்ததாகக் கொண்டு, அடுத்த அத்தகைய குறி வரும்வரை இடையிலுள்ள வரிகளை எல்லாம் ஒரே விளக்கமாக விழுங்கும். விண்டோஸ் இயங்குதளம் வரியின் இறுதியில் இரு குறிகளையும் யூனிக்ஸ் ஒரு குறியையும் இடுவதால், விண்டோஸில் எழுதியதை யூனிக்ஸில் படிக்கும்போது கடைசி நெடுவரிசையின் ஒவ்வொரு மதிப்பின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். நோயாளர் என்ற சொல்லும் அந்த எழுத்து ஒட்டிய நோயாளர் என்ற சொல்லும் நிரலுக்கு இரு வேறு பிரிவுகள்.

ஏன் இன்னும் உரைக்கோப்பு

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் உரைக்கோப்பு நீடிப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. அதைத் திறக்க எந்த நிறுவனத்தின் மென்பொருளும் தேவையில்லை. எழுதிய நிரல் மறைந்த பின்னும் கோப்பு படிக்கத் தக்கதாகவே இருக்கும். முழுக்கோப்பையும் நினைவகத்தில் ஏற்றாமல் வரி வரியாகப் படித்துக்கொண்டே செல்லலாம் என்பதால், எளிய கணினியும் பெரிய கோப்பைக் கையாளும். குரோமோசோம், இடம் ஆகிய வரிசையில் அடுக்கிய உரைக்கோப்பை 64 கிலோபைட்டுக்கு மிகாத சிறு துண்டுகளாகச் சுருக்கி, எந்தத் துண்டில் எந்த இடம் உள்ளது என்று குறித்துவைக்கும் டாபிக்ஸ் என்ற கருவியை ஹெங் லி 2011இல் வெளியிட்டார். அதன் வழியாக, பல நூறு கோடி பைட் அளவுள்ள கோப்பிலிருந்தும் ஒரே ஒரு மரபணுவின் பகுதியை மட்டும் நொடியில் எடுக்க முடிகிறது. வகையைக் காக்கும் பார்க்கே போன்ற இருமக் கோப்பு வடிவங்கள் பெருந்தரவு நிலையங்களில் பரவிவருகின்றன; எனினும் ஆய்வகங்களுக்கிடையே பரிமாறப்படுவது இன்றும் பெரும்பாலும் டேப்பால் பிரித்த உரையே.

உரைக்கோப்புக்கு வரிகளின் எண்ணிக்கையில் எல்லை இல்லை. அதைத் திறக்கும் விரிதாளுக்கு உண்டு. எக்செலின் பழைய வடிவம் 65,536 வரிகளையும், 2007இல் வந்த வடிவம் 10,48,576 வரிகளையும் மட்டுமே ஏற்கும். ஒரு மனிதர் ஒப்பீட்டுத் தொகுதியிலிருந்து 41 லட்சம் முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடுகிறார் என்று ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம் 2015இல் கணக்கிட்டிருப்பதால், ஒரே ஒருவரின் மாறுபாட்டுப் பட்டியல்கூட ஒரு விரிதாளில் அடங்காது. எல்லை மீறும்போது என்ன நேரும் என்பதை 2020இல் இங்கிலாந்து கண்டது. ஆய்வகங்கள் அனுப்பிய காற்புள்ளிக் கோப்புகளைப் பழைய எக்செல் வடிவில் ஏற்றியபோது, எல்லைக்கு அப்பாற்பட்ட வரிகள் விடுபட்டு, செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. அந்தத் தொற்றாளர்களோடு தொடர்பில் இருந்தோரைத் தேடும் பணியும் அதனால் தாமதமானது.

கோப்போடு செல்லவேண்டியவை

மேற்கண்ட சிதைவுகளுக்குள் ஒரு பொதுக்கூறு உண்டு: எழுதியவருக்குத் தெரிந்திருந்த ஏதோ ஒன்று கோப்பில் எழுதப்படவில்லை. வி.சி.எஃப். வடிவத்தின் உண்மையான வலிமை அதன் எட்டு நெடுவரிசைகளைவிட, அவற்றுக்கு முன் இரட்டை எண்குறியோடு தொடங்கும் முன்னுரை வரிகளிலேயே உள்ளது. வடிவத்தின் பதிப்பு, ஒப்பீட்டுத் தொகுதி, ஒவ்வொரு தகவலின் பெயர், அது முழு எண்ணா பின்ன எண்ணா எழுத்தா என்ற வகை, ஒரு மதிப்பா பல மதிப்புகளா என்ற எண்ணிக்கை, சொற்களால் ஆன விளக்கம் ஆகியவை அங்கே அறிவிக்கப்படுகின்றன. உதிர்ந்துபோகும் வகையறிவை எழுத்தாகவே கோப்பின் தலையில் கட்டி அனுப்பும் ஏற்பாடு இது. ஆய்வகம் தானே வகுத்துக்கொள்ளும் எளிய அட்டவணைகளுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்: ஒப்பீட்டுத் தொகுதியின் பதிப்பு, எண்ணத் தொடங்கும் இடம், இன்மைக்குரிய குறி, அலகுகள், மென்பொருளின் பதிப்பு ஆகியவற்றைத் தலைப்பிலோ துணைக்கோப்பிலோ எழுதலாம், மாறக்கூடிய மரபணுப் பெயரோடு மாறாத அடையாள எண்ணையும் சேர்க்கலாம், எழுதிய கோப்பை வேறொரு நிரலால் மறுபடி படித்து, வரிகளின் எண்ணிக்கையும் மதிப்புகளும் நினைவகத்தில் இருந்தவற்றோடு பொருந்துகின்றனவா என்று சோதிக்கலாம். இந்தக் கடைசிச் சோதனை சில நிமிடங்களில் முடிவது. மேலே விவரித்த பிழைகளுள் பெரும்பாலானவை அதிலேயே அகப்பட்டுவிடும்.

துணைக்கோப்பின் மதிப்பை ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டமே மெய்ப்பிக்கிறது. அதன் இறுதிக் கட்டத்தில் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் 8 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மாறுபாடுகள் வெளியிடப்பட்டன; பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர் எஸ்.டி.யு. என்ற குறியீட்டின்கீழ் அவர்களுள் அடங்குவர். பெரிய மாறுபாட்டுக் கோப்புகளில் இவர்கள் வெறும் மாதிரி எண்களைத் தலைப்பாகக் கொண்ட நெடுவரிசைகளே. எந்த எண் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று சொல்வது, மாதிரி எண், மக்கள் குழு, கண்ட அளவிலான பெருங்குழு, பால் ஆகியவற்றை டேப்பால் பிரித்துத் தரும் ஒரு சிறு கோப்பு. தென்னாசிய மக்களின் மரபியலை ஆராய்வோர் திட்டத்தில் பங்கேற்காதவர்களாக இருந்தும் அந்தத் தரவை இன்றுவரை நம்பிக் கையாளுகின்றனர் என்றால், மாபெரும் கோப்புகளுக்கு இணையான கவனத்தோடு அந்தச் சிறு கோப்பும் எழுதப்பட்டு உடன் வைக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம்.